கோட்டுக்கு அப்பால் ஒரு சாண்

மார்ச் 7, சனி

வெளியே வெப்பம் இரண்டு பாகை. கூரை விளிம்பில் இருந்து காலை முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழ்க்கடையில் தந்த இந்த டயறி புதுவருடத்தில் இருந்து மேசையில் வெறுமனே கிடந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் வெளிச்சூடு என்ன, பனியின் பதம் என்ன, ஸ்கீ எனும் பனிச்சறுக்குப் பலகைக்கு என்ன மெழுகு பூசினேன் என்று துண்டுக் காகிதங்களில் கிறுக்கி வைத்துத் தொலைப்பது என் வழக்கம். இந்த முறை ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று எடுத்தேன்.

ஸ்கீ என்னுடையது அல்ல. நான் விக்கினராஜா, ஒஸ்லோவில் ஒரு ஹோட்டல் சலவைச்சாலையில் துணி மினுக்குகிறவன், அதாவது இஸ்திரி போடுகிறவன். ஒரேயொரு முறை ஸ்கீயில் ஏறி, ஏறின இடத்திலேயே குந்தி விழுந்து, இரண்டு கிழமை நின்றபடி சோறு தின்றேன். அதோடு சரி. ஸ்கீ ஓடுகிறவள் என் மனைவி தவமலர். ஆனால் அவளுடைய ஸ்கீயின் அடியை என்னைத் தவிர வேறொருவரும் தொடுவதில்லை. அவள் ஓடுவாள், நான் மினுக்குவேன். இந்த வீட்டில் இது எழுதாத சட்டம்.

இன்று காலை தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, கீழ இருந்து என்ர ஸ்கீயை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஈஸ்டருக்கு பியோர்க்கோட மலைக்குப் போறன்."

"போறன் எண்டு சொல்லாதையும். போட்டு வாறன் எண்டு சொல்லும்."

"சரி, போட்டு வாறன். எடுத்துக்கொண்டு வாங்கோ."

பியோர்க் அவளோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற நோர்வேக்காரி. எழுபது தாண்டியும் ஒரு கல்லைப்போல இருக்கிறாள். மலையில் அவளுக்கு ஒரு மரவீடு உண்டு. றோட்டு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு அரை நாள் ஸ்கீயில் போனால்தான் அந்த வீடு. கரண்ட் இல்லை, தொலைபேசி எடுபடாது. ஈஸ்டருக்கு இந்தச் சனம் ஆரஞ்சுப் பழமும் சொக்கிலேற்றும் கட்டிக்கொண்டு அப்படியான இடத்துக்குத்தான் போகும். என்ன பிறவிகளோ.

போன வருடம் ஏப்ரலில் தவத்துக்கு இடது மார்பில் ஒப்பரேஷன். பிறகு ஒக்டோபர் வரைக்கும் மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் எல்லாம் கொட்டித் திரும்ப முளைத்து, இப்போது பள்ளிக்கூடப் பெடியனின் தலை மாதிரி இருக்கிறது. தையில் அரை நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அந்த வருத்தத்தின் பெயரை நான் இந்த வீட்டில் சொல்வதில்லை. அவள் சொல்வாள். கறிக்கு உப்புக் காணாது என்பதுபோலச் சொல்வாள்.

ஸ்கீ கிடக்கிற நிலவறையின் திறப்பைக் காணவில்லை என்று சொல்லிவிட்டேன். திறப்பு என் காற்சட்டைப் பையில்தான் இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

திறப்பு கிடைத்துவிட்டது. என் காற்சட்டையைத் தோய்க்கப் போடும்போது அவளே எடுத்தாள். மேசையில் என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 10, செவ்வாய்

நான்கு பாகை. இரவில் உறைந்து பகலில் இளகுகிறது.

டொக்டரிடம் அவளோடு நானும் போனேன். வேண்டாம் என்று டொக்டர் சொல்லுவார், நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று நம்பிப் போனேன். அந்த மனுசி சிரித்துக்கொண்டு, ஸ்கீயா, நல்லது, இடது கைக்கு மட்டும் பாரம் கொடுக்காதே, களைத்தால் நின்று இளைப்பாறு என்றாள். ஸ்கீயைப்பற்றி நோர்வேக்காரரிடம் அபிப்பிராயம் கேட்கப் போனது என் பிழை.

பின்னேரம் ஸ்கீயை நிலவறை மேசையில் கவிழ்த்துப் போட்டேன். ஒரு வருடத் தூசி. பழைய மெழுகை, மெழுகு கரைக்கிற திரவம் தொட்டுத் துடைத்து எடுத்தேன். ஈரப்பனிக்கு உரியது மஞ்சள் மெழுகு. அதைச் சூடான மினுக்குப்பெட்டியில் தொட்டு உருக்கி, ஸ்கீயின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் சொட்டவிட்டு, பெட்டியை ஓட்டவேண்டும். பெட்டி ஓரிடத்திலும் நிற்கக்கூடாது, நின்றால் அடி எரிந்துபோகும். இந்த வேலைக்கு என் கை சொன்னபடி கேட்கும். ஸ்கீயின் அடியும் ஒரு மேசைவிரிப்புத்தான், கொஞ்சம் ஒடுக்கமான மேசைவிரிப்பு.

ஆறினபிறகு பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டவேண்டும். பூசினது முழுவதையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்றால் புதிதாகப் பழகுகிறவர்கள் நம்பமாட்டார்கள். அடிக்குள் ஊறினது மட்டும்தான் வேலை செய்யும். மேலே நிற்பது ஓடவிடாது. பிறகு தூரிகையால் தேய்த்து, சின்ன உருளை ஒன்றை அழுத்தி உருட்டி மெல்லிய வரிகள் பதிக்கவேண்டும். வரி இல்லாத வழவழப்பான அடி, ஈர மேசையில் வைத்த கண்ணாடித் தட்டு மாதிரி நனைந்த பனியில் ஒட்டிக்கொள்ளும்.

அவள் வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"இப்ப என்ன பனி கிடக்கு வெளியில?"

"காலமை சீனி. மத்தியானத்துக்குப் பிறகு கஞ்சி."

இவை எங்கள் வீட்டுப் பெயர்கள். உதிரியாகப் பிடித்தால் பிடிபடுவது புட்டுப்பனி. இரவில் உறைந்து பருக்கைபருக்கையாகக் கிடப்பது சீனிப்பனி. காலை வைத்தால் சதக்கென்று இறங்குவது கஞ்சிப்பனி. பியோர்க்கும் இப்போது "கஞ்சி, கஞ்சி" என்றுதான் சொல்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

ஸ்கீயின் முன்னும் பின்னும் ஓடுவதற்கு. காலுக்குக் கீழே உள்ள நடுப்பகுதி பனியைப் பிடித்து உந்துவதற்கு. அந்த நடுப்பகுதிக்கு ஈரப்பனியில் கிளிஸ்டர் என்ற பசைமெழுகு பூசவேண்டும். பற்பசை மாதிரிக் குழாயில் வரும். பிலாப்பாலைவிட மோசம், கையில் பட்டால் கதவுப்பிடி, கட்டியிருக்கிற சாரம், டெலிபோன் எல்லாவற்றிலும் கூடவே வரும். நடுப்பகுதி முடிந்து ஓடுகிற பகுதி தொடங்கும் இடத்தில் ஸ்கீயின் விளிம்பில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். கிளிஸ்டர் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஸ்கீ ஓடாது, இழுக்கும்.

இன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது தவம் பழைய கதையை எடுத்துச் சிரித்தாள். முதன்முதலாகக் கிளிஸ்டர் பூசின வருடம் நான் பிலாப்பழம் வெட்டுகிற ஆள்போல இரண்டு கையிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். கையில் ஒட்டவில்லை, உண்மை. பனியிலும் ஒட்டவில்லை. முதலாவது ஏற்றத்தில் இவள் வழுக்கிப் பின்பக்கமாக வந்து, வரிசையில் நின்ற மூன்று நோர்வேக்காரரையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். வீட்டுக்கு வந்து ஸ்கீயை மணந்து பார்த்து, "இதென்ன, தாளிச்ச மாதிரி மணக்குது?" என்றாள்.

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறாள். பார்த்தால் ஒரு வருத்தமும் தெரியாது. போன வருடம் மார்ச்சிலும் இப்படித்தான் இருந்தாள், ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

ஐந்து பாகை.

நாளைக்கு வெள்ளோட்டம். இங்கே காட்டுப் பாதையில் பியோர்க்கோடு ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கப்போகிறாள். அது சரிவந்தால்தான் ஈஸ்டருக்கு மலை, சரிவராவிட்டால் வீட்டில் இருப்பேன் என்று அவளே சொன்னாள். நான் கேட்டுச் சொன்னதல்ல.

பின்னேரம் கீழே போனேன். சுரண்டினேன், தூரிகை போட்டேன், வரி பதித்தேன். எல்லாம் ஒழுங்கு. பிறகு கிளிஸ்டர். கோடு மங்கிப்போயிருந்தது. நிலவறை வெளிச்சமும் காணாது. கண்ணாடி மேலே இருந்தது, ஏறிப்போய் எடுக்கப் பஞ்சியாக இருந்தது. கையால் அளந்து பூசினேன்.

முடிக்கிற நேரம் தவம் எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது. பாரும்."

"நான் ஏன் பாக்கிறன்? நீங்கள் பூசினா நான் பாக்கத் தேவையில்லை."

சோறு சரியாக இறங்கவில்லை. மீன் பழசாக இருந்திருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

அவர்களை ஏற்றிக்கொண்டுபோய்ப் பாதை தொடங்கும் இடத்தில் விட்டேன். "போட்டு வாறன்" என்று தடியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். நான் காருக்குள் இருந்தேன். வெயில் அடித்தது. பிள்ளைகள், நாய்கள், கிழவர்கள் என்று ஊரே ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தது.

நினைத்ததைவிட நேரம் போய்த்தான் வந்தார்கள். முன்னால் பியோர்க், தோளில் இரண்டு சோடி ஸ்கீ. பின்னால் தவம், வெறும் சப்பாத்தோடு பனிக்குள் நடந்து வந்தாள். வந்து காரின் பின்கதிரையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். வழமையாக முன்னால்தான் இருப்பாள். பியோர்க் என்னைப் பார்த்து, இன்றைக்கு நாள் சரியில்லை, அவ்வளவுதான் என்று மெதுவாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள்.

"எனக்கு ஏலாது. காலில பலமே இல்லை. ஒவ்வொரு எட்டும் ஆரோ பின்னால நிண்டு இழுக்கிற மாதிரிக் கிடக்குது. இறக்கத்திலகூட நிண்டுபோனன், தெரியுமே? இறக்கத்தில!"

"பனி சரியில்லைத் தவம். கஞ்சி."

"பியோர்க்குக்கும் அதே கஞ்சிதானே? அவ ஓடுறா. நாயோட ஒரு கிழவி என்னைத் தாண்டிப் போனா. திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டும் போனா."

நான் குனிந்து அவளுடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். என் தலைக்கு மேலே அவள் சொன்னாள்: "அந்த மருந்து என்ர உடம்பில இருந்த எல்லாத்தையும் குடிச்சிட்டுது."

சலித்துக்கொண்டு வருவாள், இரண்டு பேரும் ஈஸ்டருக்கு வீட்டில் இருப்போம் என்றுதான் நான் நினைத்தேன். இப்படி வருவாள் என்று நினைக்கவில்லை. கையால் அளந்ததில் கொஞ்சம் கூடிப்போயிருக்கலாம்.

மார்ச் 16, திங்கள்

வேலையால் வந்த கையோடு கீழே போய் ஸ்கீயின் அடியைத் துடைத்துச் சுத்தமாக்கினேன். இனி யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

மார்ச் 18, புதன்

பியோர்க்குக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வேலையால் வந்து படுக்கிறாள். பின்னேரம் நடக்கப் போவதில்லை. எங்கள் மாடிப்படியில் நடுவில் நின்று மூச்சு விட்டுவிட்டு ஏறுகிறாள். போன கிழமை இதே படியில் அரிசிப் பையோடு ஏறினவள்.

எனக்கு விருப்பமானது நடந்துவிட்டது. ஈஸ்டருக்கு வீட்டில்தான் இருப்பாள். சந்தோஷப்படவேண்டியவன் குசினிக்கும் ஹோலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

பேர்கனில் இருந்து மகள் ஆரபி டெலிபோன் எடுத்தாள். அம்மாவிடம் கதைத்துவிட்டு, பிறகு என் டெலிபோனுக்குத் தனியாக எடுத்தாள்.

"அப்பா, அம்மா தன்ர ஸ்கீயை என்னை எடுக்கச் சொல்லுறா. இனித் தனக்குத் தேவையில்லையாம்."

"பகிடிக்குச் சொல்லியிருப்பா பிள்ளை."

"இல்லையப்பா. அம்மா ஒருநாளும் இப்பிடிக் கதைக்கேல்லை. ஒப்பரேஷனுக்குப் போகேக்கயும் கதைக்கேல்லை. திரும்ப வந்திட்டுது எண்டு நினைக்கிறா. காலில பலம் போனது அதாலயாம். நாளைக்கு டொக்டருக்கு டெலிபோன் அடிச்சு ஸ்கான் எடுக்கக் கேக்கப் போறாவாம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவ. நீங்கள் பயந்துபோவீங்களாம்."

டெலிபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். முகம் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். அவள் எனக்காகப் பயப்படுகிறாள்! என்ர கடவுளே, நான் என்ன விசர் வேலை பார்த்திருக்கிறேன்.

மார்ச் 21, சனி

இரண்டு பாகை, மப்பு வானம். பனி பார்க்கவில்லை.

இன்று சொன்னேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் அவள் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நேற்று டொக்டருக்கு அடித்து வருகிற வியாழனுக்கு நேரம் எடுத்துவிட்டாள் என்பது ஆரபி சொல்லி எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. நான் போய் மேசைக்கு மற்றப்பக்கம் நின்றேன். நேற்று வேலையில் இருந்து வரும் வழி முழுவதும் யோசித்து ஒரு பொய் கட்டி வைத்திருந்தேன்.

"தவம், உம்மட உடம்பில ஒண்டுமில்லை. பிழை என்னிலதான். அண்டைக்குக் கையில தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு கிளிஸ்டர் போட்டிட்டன். பழைய பழக்கம், மறந்துபோனன்."

கத்தி நின்றது. அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இவள் எத்தனையோ வருடம் பனியில் ஓடினவள். வெட்டின லீக்ஸைக் கத்தியால் ஒருபக்கம் ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்:

"எண்ணெய் பட்டா வழுக்கும். எனக்கு ஒட்டினது."

நான் மேசையில் கிடந்த லீக்ஸ் தோலைப் பொறுக்கினேன்.

"என்னைத் தேத்திறதுக்குச் சொல்லுறீங்கள், என்ன? ஆரபி சொல்லிப்போட்டாளோ?"

அந்த வெளிச்சம் திரும்பப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"தேத்தேல்லை. கிளிஸ்டர்தான். கோட்டுக்கு அங்கால பூசினனான்."

"எவ்வளவு?"

கையை விரித்துக் காட்டினேன். பெருவிரலில் இருந்து சின்னவிரல் வரைக்கும் ஒரு சாண்.

"ரெண்டிலயுமோ?"

"ரெண்டிலயும்."

"கண் தெரியாமல் பூசினனீங்களோ?"

ஓம் என்று சொல்ல இடம் இருந்தது. கண்ணாடி போடவில்லை என்பதும் உண்மைதான். அவளே கதவைத் திறந்து விட்டமாதிரி இருந்தது.

"இல்லை. தெரிஞ்சுதான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"ஒரு கிழமையா நான் என்ர உடம்பையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரிஞ்சனான். ஒவ்வொரு நாளும் குளிக்கேக்க கழுத்து, கக்கம் எல்லாம் தடவித் தடவிப் பாத்தனான். ஆரபிக்கு என்ர நகையை எப்பிடிப் பிரிக்கிறதெண்டுகூட யோசிச்சனான். நீங்கள் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

அறைக்குள் போய்விட்டாள். மிச்ச லீக்ஸை நான் வெட்டிச் சமைத்தேன். அவள் சாப்பிட வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பேச்சில்லை.

மார்ச் 24, செவ்வாய்

பேச்சில்லை. சோறு போட்டு மூடி வைத்திருக்கிறாள். மீனில் எனக்கு வழமையாகச் சதைப்பிடிப்பான நடுத்துண்டு, நடுமுறி வரும். இன்றைக்கு வால்.

அதையெல்லாம் தாங்கலாம். காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது போட்டு வாறன் என்று சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். கல்யாணம் கட்டின நாளில் இருந்து அவள் அதைச் சொல்லாமல் போனதில்லை. ஒப்பரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் தலையைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்றைக்குக் கதவடியில் நானாகப் போய் நின்றுகொண்டேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மார்ச் 25, புதன்

மாடிப்படியில் ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறினாள். தண்ணீர்ப் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். இடது கையால் தூக்காதையும் என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

டொக்டரிடம் எடுத்த நேரத்தை விட்டுவிட்டாள். வழமையான பரிசோதனை மே மாதம் இருக்கிறது, அது போதும் என்று ஆரபியிடம் டெலிபோனில் சொன்னது கேட்டது. எனக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னாள்போல இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

ஆறு பாகை. காலையில் சீனி, பிறகு கஞ்சி.

விடிந்ததும் நிலவறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். தவம் ஸ்கீயை மேசையில் கவிழ்த்துப் போட்டு, தானே மெழுகு உருக்கி மினுக்கி ஆறவிட்டிருந்தாள். பெட்டியை ஓரிடத்தில் நிற்கவிட்டிருக்கிறாள், அடியில் ஒரு சின்ன வட்டம் மங்கலாகத் தெரிந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சுரண்டுகிற தகட்டை வலது கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையாலும் அழுத்திச் சுரண்டவேண்டும். இடது கையால் அழுத்தக்கூடாது, வீங்கிவிடும்.

தகட்டை என் பக்கமாக நீட்டினாள்.

"சுரண்டுங்கோ."

ஒரு கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு பேசின முதல் சொல் இதுதான். சுரண்டினேன். ஒரு பொட்டு மெழுகு மேலே நிற்காமல் சுரண்டினேன். அவள் ஒரு பழைய கதிரையில் இருந்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வை! தூரிகை போட்டேன், வரி பதித்தேன். கிளிஸ்டர் குழாயை எடுக்கப் போனபோது, "பொறுங்கோ" என்றாள்.

தோள்பையில் இருந்து சிவப்பு நகப்பூச்சு ஒன்றை எடுத்தாள். என் மங்கின கோட்டுக்கு மேலே சிவப்பாகப் புதுக்கோடு கீறினாள். இரண்டு ஸ்கீயிலும், இரண்டு விளிம்பிலும் கீறினாள். வாயால் ஊதிக் காயவைத்தாள்.

"இப்ப கண்ணாடி இல்லாட்டியும் தெரியும்."

சிரிக்கவேண்டும்போல இருந்தது. அவள் சிரிக்காதபடியால் நானும் சிரிக்கவில்லை.

பியோர்க் வந்து கூட்டிக்கொண்டு போனாள். இம்முறை என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது பியோர்க் கீழே இருந்து யன்னலைப் பார்த்து, முழுச் சுற்றும் ஓடினாள், என்னால் பிடிக்கமுடியவில்லை என்று தெருவே கேட்கக் கத்தினாள். தவம் குளித்துவிட்டு வரும்போது முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் எனக்கு நடுமுறியும் இல்லை, வாலும் இல்லை. முட்டை பொரித்திருந்தாள். முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 1, புதன்

நாளைக்கு மலை. மேலே பகலில் மூன்று பாகை என்கிறார்கள், பழைய பனிக்கு மேலே ஈரமான புதுப்பனி. புட்டுக்கும் கஞ்சிக்கும் நடுவில். மஞ்சள் மெழுகைத் திரும்பவும் ஒருமுறை ஊறவிட்டு, முழுவதும் சுரண்டி, இந்தமுறை கொஞ்சம் பருமனான வரி பதித்தேன். அவள் மினுக்கிய இடத்து வட்டத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுத்தேன். கிளிஸ்டரைச் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நெல்லளவு உள்ளேயே நிறுத்தினேன்.

அவள் கதிரையில் இருந்து சொன்னாள்:

"ஏன் செய்தனீங்களெண்டு நான் இன்னும் கேக்கேல்லை."

"கேளும்."

"கேக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும். அங்க மலையில எனக்கு ஏதும் நடந்தா எண்டு பயம். திரும்ப வந்திடும் எண்டு பயம். ஒப்பரேஷன் முடிஞ்ச நாளில இருந்து பயந்துகொண்டுதான் திரியிறியள். நான் காணேல்லை எண்டு நினைச்சீங்களோ? ராவில நான் மூச்சு விடுறனோ எண்டு மூக்குக்குக் கிட்ட கை வைச்சுப் பாக்கிறது எனக்குத் தெரியாதோ?"

நான் ஸ்கீயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"பயமெண்டா வாயால சொல்லுங்கோ. என்ர ஸ்கீயில பூசாதேங்கோ."

சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். கிளிஸ்டர் குழாயின் மூடியை இறுக்கினேன். அவள் எழும்பி மேலே போனாள். உண்மையில் அதைச் சொல்வதைவிட, ஹோட்டலின் மேசைவிரிப்பு முழுவதையும் நாக்கால் மினுக்குவது எனக்குச் சுலபம்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையிலேயே வெளிக்கிட்டோம். காரில் பியோர்க் மட்டும்தான் கதைத்துக்கொண்டு வந்தாள். றோட்டு முடிகிற இடத்தில் நிறையக் கார்கள். எல்லோரும் முதுகில் பை, வாயில் சிரிப்பு. வெயில் கண்ணைக் குத்தியது. பனி ஈரமாக, தடிப்பாக, நான் சொன்ன பதத்தில்தான் கிடந்தது.

தவம் ஸ்கீயைப் போட்டாள். இரண்டு எட்டு வைத்துப் பார்த்தாள். பிடித்தது. ஒரு தள்ளுத் தள்ளி விட்டாள். ஓடியது. சத்தமே இல்லாமல் ஓடியது. அப்படியே ஒரு வட்டம் சுற்றி என்னிடம் திரும்பி வந்து நின்றாள். பியோர்க் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். தவமும் திரும்பினாள்.

போட்டு வாறன் என்று சொல்லாமலே போகப்போகிறாள் என்று விளங்கியது. சப்பாத்து முழுக்கப் பனி ஏற, அவளுக்குப் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்ன, புதைந்தேன். முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டது.

"தவம்!"

நின்றாள்.

"எனக்குப் பயமாக்கிடக்கு."

அங்கே நின்ற நோர்வேக்காரர் எல்லோரும் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழா தெரியும், பார்க்கட்டும் என்று கத்தினேன்.

"கான்சர் திரும்ப வந்திடுமெண்டு எனக்குப் பயமாக்கிடக்கு! நீர் அங்க போய் விழுந்தா ஆர் தூக்குவினம் எண்டு பயமாக்கிடக்கு! நீர் இல்லாத வீட்டில நான் என்ன செய்யிறது? ஆரின்ர ஸ்கீயை மினுக்கிறது?"

அந்தச் சொல்லை நான் முதல்முறை வாயால் சொன்னது அந்தக் கார் நிறுத்துகிற இடத்தில்தான்.

அவள் ஸ்கீயோடு திரும்பி வந்தாள். நான் முழங்காலளவு பனிக்குள் நின்றபடியால் அந்த நேரம் அவள் என்னைவிட உயரம். கையுறையைக் கழற்றிவிட்டு என் மூக்கைத் துடைத்தாள். ஒழுகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"எனக்கும்தான் பயம்," என்றாள். "உங்களை விடக் கூடப் பயம். இஞ்ச ஓடேக்கதான் அது கொஞ்சம் பின்னுக்கு நிக்குது. அதுக்குத்தானப்பா போறன்."

போறன் என்று சொல்லாதையும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கையுறையைப் போட்டாள், தடிகளை ஊன்றினாள், திரும்பினாள். பியோர்க்கைப் பிடிக்க ஒரு நூறு எட்டு இருக்கும். ஏற்றத்தில் ஏறினாள், ஒரு எட்டும் வழுக்கவில்லை. உச்சியில் நின்று தடியைத் தூக்கினாள்.

"இஞ்சேருங்கோ! போட்டு வாறன்!"

இறங்கி மறைந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் காரின் சுக்கானில், கதவுப்பிடியில், என் மூக்கில்கூடக் கிளிஸ்டர். அவளுடைய விரலில் இருந்து என் மூக்குக்கு வந்திருக்கவேண்டும். ஞாயிறு பின்னேரம் போய் ஏற்றவேண்டும். அதற்கு முதல் மீன் வாங்கவேண்டும். நடுமுறி அவளுக்கு.